ஏழு பாப்பா எட்டு

மசேருவில், மாடிப்படிக்கு அடியில் இருந்த அலுவலகத்தில்
ரசீதின் பின்பக்கம் எழுதித் தந்தார்கள்
மூன்று வாரத்துக்கான என் பெயரை:
ஏழு, பி, எட்டு, பிறகு இரண்டு எழுத்து.
வானலையில் பி என்றால் பாப்பா என்றுதான் சொல்ல வேண்டும்.
செவன் பாப்பா எய்ட்.
எண்களுக்கு நடுவே ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பது
எனக்கு மட்டும் தெரிந்தது.

செமொன்கோங் தாண்டி, பாதை முடிகிற இடத்தில்
மாக்கோதாட்சோ வாடகைக்கு விடும் வட்டக் குடிசை.
கூரை உச்சியிலிருந்து பாப்லர் மரம் வரை
இருபது மீட்டர் செம்புக்கம்பி இழுத்தேன்.
ஆடு மேய்க்கும் பையன்கள் போர்வைக்குள்ளிருந்து
கம்பியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்,
எப்போது துணி காயப்போடுவேன் என்று
வெகுநேரம் நின்றார்கள்.

ஊரில் என் மொட்டை மாடியிலிருந்து
பதினொரு வருஷமாகக் கூப்பிடுகிறேன்.
நூறு முறை கூப்பிட்டால் ஒரு குரல் வரும்;
அதுவும் வேறு யாருக்கோ சொன்ன பதிலாயிருக்கும்.
இங்கே ஒரே ஒரு முறை சொன்னேன்,
வானம் கல்லெறி பட்ட தேன்கூடாகிவிட்டது.
பாலெர்மோ. துர்க்கு. ரெசிஃபே.
ஃபைவ் நைன், நன்றி. ஃபைவ் நைன். அடுத்தவர்.
அங்கே மழையா என்று ஒருவரும் கேட்கவில்லை.
அவர்கள் பிடிக்க வந்தது
தங்கள் பட்டியலில் காலியாகக் கிடந்த ஒரு கட்டத்தை.
தெரிந்தும்
கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி
நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

நாலாம் நாள் இருட்டியதும்
தட்டாமல் உள்ளே வந்தாள் மாக்கோதாட்சோ.
ஒரு கையில் ரப்பர் பேண்ட் சுற்றிய ரேடியோ,
மறு கையில் மூடிய எனாமல் தட்டு.
பின்னால் இளைய மகள் ரெலெபோஹிலே, பள்ளியில் ஆங்கிலம் படிப்பவள்,
சிரிப்பைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள்:
"நாலு ராத்திரியா பாப்பா பாப்பான்னு கத்துறீங்க.
எங்க பாஷையில பாப்பான்னா மக்காச்சோளக் களி.
ஏழு வேணுமா எட்டு வேணுமான்னு
அம்மாவுக்குப் புரியல.
இப்போதைக்கு ஒண்ணு."

வெள்ளைக் களி. ஓரத்தில் கீரை. ஆவி.
மூன்று பேரும் சிரித்தோம். முதல் கவளம் நெஞ்சைச் சுட்டது.

பிறகு அவள் ரேடியோவை மேசையில் வைத்தாள்.
"நீங்க பேசுறப்ப இது வாத்து மாதிரி கத்துது.
எட்டு மணிக்கு சாவு அறிவிப்பு வாசிப்பாங்க.
நீங்க வந்ததுலேர்ந்து ஒரு பேரும் காதுல விழல."

ஹெட்போனில் நாற்பது பேர் முட்டிக்கொண்டிருந்தார்கள்.
பொறுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை,
பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன்.

முதலில் அக்கார்டியன். அது அடங்கியதும் ஒரு பெண் குரல்,
அவசரமே இல்லாமல்:
பெயர், ஊர், எந்தச் சுரங்கம், அடக்கம் என்றைக்கு.
ஒவ்வொரு பெயரும் இரண்டு முறை.
நாங்களும் அப்படித்தான் சொல்வோம்,
இரைச்சலில் தவறிவிடக் கூடாதென்று.
பழக்கதோஷம், என் கை பென்சிலை எடுத்து
லாக் புத்தகத்தில் முதல் பெயரை எழுதிவிட்டது.
நேரமும் போட்டது.
சிக்னல் எவ்வளவு என்கிற கட்டத்தில்தான் நின்றது.

மாக்கோதாட்சோ ரேடியோமேல் உள்ளங்கையை வைத்திருந்தாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
கொழுந்தன் வெல்காம் ஆஸ்பத்திரியில் என்றாள் ரெலெபோஹிலே, மெதுவாக.
மலைக்கு இந்தப் பக்கம் போன் எடுக்காது.

பதினேழு பெயர்கள்.
அப்புறம் சலவைத்தூள் விளம்பரம்.

மொழிபெயர்க்கும் முன்பே புரிந்தது:
இன்றைக்கு இல்லை.
நான் மூழ்கடித்த மற்ற ராத்திரிகளைப் பற்றி
அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.
ரேடியோவைப் போர்வைக்குள் செருகிக்கொண்டு
தாடையால் என் மைக்கைக் காட்டினாள்.
சரி, கத்து.

ஒயரை மாட்டினேன்.
ஒருவர் தோள்மேல் ஒருவராக
அத்தனை பேரும் இன்னும் அங்கேயே நின்றிருந்தார்கள்.
பட்டனை அழுத்தி
செவன் என்றேன்.
அடுத்த சொல்லுக்கு
வாய் நிறைந்திருந்தது.